ஒன்பதில் ஒன்று

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

விண்ணை முட்டி நிற்கும் கட்டடங்களைக் காணும்போது நம் கண்கள் மேல்நோக்கியே செல்கின்றன. எத்தனை மாடி, எவ்வளவு உயரம் என்று எண்ணி வியக்கிறோம். அக்கட்டடம் எதன்மேல் நிற்கிறது என்று கேட்போர் சிலரே. கேட்டாலும் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. தாங்குவது மண்ணுக்குள் இருக்கிறது. தாங்கப்படுவதுதான் வெளியே தெரிகிறது.

அந்த மண்ணுக்குள் நடக்கும் வேலையைச் செய்பவர் என் தந்தை. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பைலிங் வேலையில் இருக்கிறார். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். சென்ற கோடை விடுமுறையில் விடுதிக் கட்டணத்துக்காக நானும் அவருடன் நாற்பது நாள் வேலைக்குப் போனேன். அப்போது ஓர் இரவில் என் காதில் விழுந்த ஒரு கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். கேள்வியைச் சொல்லுமுன் பைல் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

பைல் என்பது என்ன?

மேல்மண் உறுதியாக இருந்தால், அகலமான அடித்தளம் போட்டு அதன்மேல் தூணை எழுப்பிவிடலாம். மேல்மண் இளகிய களியாகவோ நிரப்பு மண்ணாகவோ இருந்தால் அவ்வாறு செய்ய இயலாது. அங்கே நிலத்துக்குள் ஆழமாக ஒரு துளை இட்டு, கம்பிக் கூட்டை இறக்கி, கான்கிரீட் நிரப்பி, மண்ணுக்குள்ளேயே ஒரு தூண் எழுப்புகிறார்கள். இதுவே பைல். நிலத்தூண் என்று தமிழில் அழகாகச் சொல்லலாம். ஆனால் வேலைத்தளத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆகவே நானும் பைல் என்றே எழுதுகிறேன்.

ஒரு பைல் இரண்டு வழிகளில் பாரத்தைத் தாங்குகிறது. அதன் பக்கங்களை மண் இறுகப் பற்றிக்கொள்வதால் எழும் உராய்வு ஒன்று. அதன் அடிப்பகுதி கெட்டியான மண்ணிலோ பாறையிலோ ஊன்றி நிற்பதால் கிடைக்கும் தாங்குவிசை மற்றொன்று. பாரம் ஏறத் தொடங்கும்போது முதலில் உராய்வுதான் விழித்துக்கொள்கிறது. சில மில்லிமீட்டர் இறங்கினாலே போதும், அது தன் முழு வலிமையையும் காட்டிவிடும். அடித்தாங்கலோ மெதுவாகவே வருகிறது. அது முழுதும் வர, பைல் இன்னும் நன்றாக இறங்க வேண்டும். அடியில் சேறு தங்கியிருந்தால் எவ்வளவு இறங்கிய பிறகு வரும் என்று சொல்ல இயலாது.

பெரிய தூண்களுக்கு ஒரு பைல் போதாது. நான்கு, ஆறு, ஒன்பது என்று கூட்டமாகப் போடுவார்கள். அவற்றின் தலைகளை எல்லாம் இணைத்து மேலே ஒரு கனமான கான்கிரீட் கட்டையை வார்ப்பார்கள். இதற்குப் பைல் கேப் என்று பெயர். தூணின் பாரம் கேப்பில் இறங்குகிறது. கேப் அதைப் பைல்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. எப்படிப் பங்கிடுகிறது என்பதே நம் கேள்வி.

அந்த இரவு

எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் வேலை அது. ஒரு தூணுக்கு ஒன்பது பைல்கள், மூன்றுக்கு மூன்றாக. எட்டு முடிந்திருந்தன. மூலையில் இருந்த ஒன்பதாவதற்குத் துளை இட்டுக் கம்பிக் கூடும் இறக்கியாயிற்று. கான்கிரீட் போடுமுன் துளையின் அடியில் படிந்த சேற்றைப் பென்டோனைட் கரைசலைச் சுழலவிட்டு வெளியே தள்ள வேண்டும். சேறு போய்விட்டதா என்று அறிய, கயிற்றில் கட்டிய இரும்புக் குண்டை இறக்கிப் பார்ப்பார்கள். துளை எடுத்தபோது எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆழத்துக்குக் கயிறு போக வேண்டும். போகாவிட்டால் மிச்சம் சேறு. குண்டுக் கயிறு பிடிப்பது என் தந்தையின் வேலை.

மழை வரும்போல் இருந்தது. கான்கிரீட் வண்டி வந்து நின்றுகொண்டிருந்தது. அப்பா கயிற்றை இறக்கிப் பார்த்துவிட்டு, “சார், இன்னும் ஒரு சாணுக்கு மேல சேறு நிக்குது” என்றார்.

மேற்பார்வையாளர் பொறுமை இழந்தார். “என்னய்யா நீ, ஒம்பது பைல்ல இது ஒண்ணு. மத்த எட்டும் தாங்காதா?” என்றார்.

“எனக்குக் கணக்குத் தெரியாது சார். அடியில சேறு நிக்குது. அது மட்டும் தெரியும்” என்றார் அப்பா.

மற்ற எட்டும் தாங்காதா? இயற்பியல் படிக்கும் எனக்கும் அன்று அதற்கு விடை தெரியவில்லை. ஒன்பது பேர் தூக்கிய பாரத்தை எட்டுப் பேர் தூக்கினால் ஆளுக்குக் கொஞ்சம்தானே கூடும் என்றுதான் எனக்கும் தோன்றியது. விடுமுறை முடிந்து வந்தபின் நூலகத்தில் மண்பொறியியல் நூல்களைப் புரட்டி, காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அங்கே கண்டதைக் கீழே தருகிறேன்.

சப்பரம் சொல்லும் பாடம்

எங்கள் ஊர் அம்மன் திருவிழாவில் சப்பரத்தை ஆட்கள் தோளில் சுமந்து வருவார்கள். உயரம் பார்த்து ஆட்களை நிறுத்துவார் ஒரு பெரியவர். உயரமானவன் ஒருவன் குட்டையானவர்கள் நடுவே நின்றால், பாரமெல்லாம் அவன் தோளுக்கே போய்விடும். தெருவில் போகும்போது ஒருவன் கால் குழியில் இறங்கிவிட்டால், அந்த நொடியில் அவன் தோளில் பாரமில்லை. அவனுக்குப் பக்கத்தில் நிற்பவன்தான் “ஐயோ” என்று முனகுகிறான். தண்டின் மறுகோடியில் இருப்பவனுக்கு ஒன்றுமே தெரிவதில்லை.

இதில் இரண்டு உண்மைகள் உள்ளன. முதலாவது, பாரம் சமமாகப் பங்காவதில்லை. இறங்கிக் கொடுப்பவனை விட்டு நிமிர்ந்து நிற்பவனிடம் போகிறது. இரண்டாவது, ஒருவன் விட்ட பாரம் எல்லாருக்கும் பொதுவாகப் போவதில்லை. பக்கத்தில் இருப்பவனுக்குப் போகிறது.

முக்காலி ஒருபோதும் ஆடுவதில்லை, நாற்காலிதான் ஆடுகிறது. மூன்று கால்களில் ஒவ்வொன்றும் சுமக்கும் பாரத்தைச் சமநிலை விதிகளை மட்டும் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். நான்காவது கால் வந்தவுடன் அவ்விதிகள் போதவில்லை. எந்தக் கால் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்றும் தெரிந்தாக வேண்டும். பைல் கூட்டமும் அப்படியே.

ஒன்பது பைல்களின் கணக்கு

எளிமைக்காகச் சிலவற்றைக் கொள்வோம். கேப் மிகக் கனமானது. ஆகவே வளையாது, இறங்கினாலும் சாய்ந்தாலும் தட்டையாகவே இருக்கும். ஒவ்வொரு பைலும் ஒரு சுருள்வில்லைப் போன்றது. ஹூக் விதிப்படி எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு எதிர்விசை தருகிறது. மேலே உள்ள கட்டடம் கேப்பைச் சாயவிடாமல் பிடிப்பதை இப்போது கணக்கில் கொள்ள வேண்டாம்.

தூணின் பாரம் 450 டன். டன் என்பது நிறையின் அலகு, விசையின் அலகு அன்று என எங்கள் பேராசிரியர்கள் கண்டிக்கலாம். வேலைத்தளத்தில் பாரத்தை டன்னில்தான் சொல்கிறார்கள், பொறுத்தருள்க. 500 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒன்பது பைல்கள், ஒன்றுக்கொன்று 1.5 மீட்டர் இடைவெளி. ஒவ்வொன்றின் அனுமதித்த பாரம் 60 டன் என்று வைத்துக்கொள்வோம்.

பாரம் நட்டநடுவில் இறங்கி, எல்லாப் பைல்களும் ஒரே தன்மையுடன் இருந்தால் ஆளுக்கு 50 டன். கவலை இல்லை.

இனி, தூண் நடுவிலிருந்து ஒரு பக்கமாக 20 சென்டிமீட்டர் விலகிவிட்டது எனக் கொள்வோம். திருப்புத்திறன் 450-ஐ 0.2-ஆல் பெருக்க, 90 டன் மீட்டர். ஒரு பைலுக்கு வரும் கூடுதலைக் காண, திருப்புத்திறனை அந்தப் பைல் நடுவிலிருந்து இருக்கும் தூரத்தால் பெருக்கி, எல்லாப் பைல்களின் தூரங்களுடைய வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். நடு வரிசையின் தூரம் பூஜ்யம். மற்ற ஆறு பைல்களும் 1.5 மீட்டரில் உள்ளன. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 13.5. ஆகவே 90-ஐ 1.5-ஆல் பெருக்கி 13.5-ஆல் வகுக்க, 10 டன். பாரம் விலகிய பக்கத்து வரிசைக்கு ஆளுக்கு 60 டன், நடு வரிசைக்கு 50, மறுபக்கத்துக்கு 40.

இரண்டு பக்கமும் 20 சென்டிமீட்டர் விலகினால்? ஒரு மூலைக்கு 70 டன். எதிர் மூலைக்கு 30. மொத்தம் அதே 450. சராசரியும் அதே 50. ஆனால் ஒரு பைல் தன் அளவைத் தாண்டிவிட்டது. சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. காற்று கட்டடத்தைத் தள்ளும்போதும் இதே வகைத் திருப்புத்திறன்தான் எழுகிறது. பைல்கள் இடம் விலகினாலும் இதே கதிதான். அதனால்தான் நம் நாட்டுத் தர விதிகள், இத்தகைய பைல் குறித்த இடத்திலிருந்து 75 மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது என்கின்றன.

மூலைப் பைல் வேலை செய்யாவிட்டால்

இப்போது மேற்பார்வையாளரின் கேள்விக்கு வருவோம். பாரம் நடுவில்தான் இறங்குகிறது. ஆனால் ஒரு மூலையில் உள்ள பைல் சற்றும் தாங்கவில்லை என வைத்துக்கொள்வோம். 450-ஐ எட்டால் வகுத்தால் 56 டன்னுக்குச் சற்று மேல். அனுமதித்த 60-க்குள்தானே இருக்கிறது! மேற்பார்வையாளரின் மனக்கணக்கும் என் மனக்கணக்கும் இதுதான்.

ஆனால் கேப் தட்டையாக இருந்துகொண்டு, தாங்காத மூலையை நோக்கிச் சாய்கிறது. செங்குத்து விசைகளும் இரு திசைத் திருப்புத்திறன்களும் சமநிலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளைக் கொண்டு கணக்கிட்டால் விடை இப்படி வருகிறது. தாங்காத மூலையை ஒட்டிய இரண்டு பைல்களுக்கும் தலா 75 டன். நடுப் பைலுக்கும் பக்கத்து மூலைகள் இரண்டுக்கும் தலா 60. அப்பால் உள்ள இரண்டு ஓரப் பைல்களுக்கும் தலா 45. எதிர் மூலைக்கு வெறும் 30. கூட்டிப் பாருங்கள், 450 வரும்.

எட்டும் பங்கிட்டுக்கொள்ளவில்லை! எதிர் மூலையின் பாரம் 50-லிருந்து 30-ஆகக் குறைந்தே போயிற்று. பக்கத்தில் நின்ற இருவர் தோளிலும் பாரம் ஒன்றரை மடங்காயிற்று. ஒருவன் வேலையை விட்டால் எதிர்ப்புறத்தில் இருப்பவனுக்கும் ஓய்வு கிடைக்கிறது. அண்டை வீட்டுக்காரன் அழிகிறான். ஆடும் நாற்காலியில் எதிரெதிரான இரண்டு கால்கள் மட்டும் பாரம் சுமப்பதும் இதே கணக்குத்தான்.

நடுப் பைல் ஒன்று மட்டும் தாங்காவிட்டால், மேற்பார்வையாளரின் கணக்குச் சரி. கேப் சாயாது, எட்டுக்கும் 56 டன்தான். ஆனால் அன்று நாங்கள் நின்றது மூலைப் பைலின் அருகே.

சேறு தங்கிய பைல் ஒன்றுமே தாங்காது என்பது மிகைதான். பக்க உராய்வு இருக்கும். அதன் விறைப்பு பாதியாகக் குறைந்தது என்று கணக்கிட்டுப் பார்த்தேன். அப்போது அந்தப் பைல் 32 டன் சுமக்கிறது. ஒட்டியுள்ள இரண்டும் தலா 59 டன். அனுமதித்த அளவுக்கு ஒரு டன்தான் குறைவு. காற்றுக்கென்று ஒதுக்கிய இடமெல்லாம் போய்விட்டது.

மண்ணும் ஒரு கணக்குப் போடுகிறது

இதுவரை ஒவ்வொரு பைலையும் தனித்தனிச் சுருள்வில்லாகக் கொண்டோம். உண்மையில் அவை ஒரே மண்ணில் நிற்கின்றன. ஒரு பைல் இறங்கும்போது சுற்றியுள்ள மண்ணையும் சிறிது கீழே இழுக்கிறது; அந்த மண் பக்கத்துப் பைலையும் இழுக்கிறது. நடுவில் உள்ள பைலை எட்டுத் திசையிலிருந்தும் இழுக்கிறார்கள். ஆகவே கேப்புடன் சேர்ந்து இறங்க அதற்கு அதிகப் பாரம் தேவைப்படுவதில்லை. மூலைப் பைலுக்கோ அண்டையார் குறைவு. அதே அளவு இறங்க அது கூடுதலான பாரத்தைத் தானே வாங்க வேண்டியிருக்கிறது. அதனால் பாரம் நட்டநடுவில் இறங்கினாலும், களிமண்ணில் மூலைப் பைல்களே மிகுதியாகச் சுமக்கின்றன. நடுப் பைல் மிகக் குறைவாகச் சுமக்கிறது.

விட்டேக்கர் என்பவர் களிமண்ணில் சிறு மாதிரிப் பைல்களை வைத்துச் செய்த சோதனைகளை 1957-இல் வெளியிட்டார். இந்த வேறுபாடு அவற்றில் தெளிவாகத் தெரிந்தது. ஒரு பைலின் பாரம் அடுத்த பைலை எவ்வளவு இறக்கும் என்று கணிக்கும் முறையை 1968-இல் ஹாரி பௌலோஸ் வகுத்துக் கொடுத்தார். தளர்ந்த மணலில் பைல்களை அடித்து இறக்கும்போது நிலைமை மாறலாம். அடிக்க அடிக்க நடுவில் உள்ள மணல் இறுகுவதால் நடுப் பைல் அதிகம் சுமப்பதும் உண்டு. மண்ணைக் கேட்காமல் விடை சொல்ல முடியாது.

பைல்களை நெருக்கிப் போட்டால் இந்த இழுப்பு மிகும். ஆகவேதான் உராய்வை நம்பும் பைல்களுக்கு இடையே விட்டத்தைப் போல் மூன்று மடங்காவது இடைவெளி வேண்டும் என்பது விதி. நம் கணக்கில் 500 மில்லிமீட்டர் பைலுக்கு 1.5 மீட்டர் இடைவெளி வைத்ததும் இதனால்தான்.

தனியாள் வேறு, கூட்டம் வேறு

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தனிப் பைலைச் சோதித்தால் அது தன்னைச் சுற்றியும் தனக்குச் சற்றுக் கீழும் உள்ள மண்ணை மட்டுமே சோதிக்கிறது. நூற்றுக்கணக்கான பைல்கள் சேர்ந்து நிற்கும்போது, அக்கூட்டம் ஒரே பெரிய கட்டைபோல் ஆகிறது. அதன் பாரம், அகலத்தைப் போல் ஏறக்குறைய இருமடங்கு ஆழம் வரை கீழே உள்ள மண்ணை அழுத்துகிறது. தனிப் பைலின் சோதனை அறியாத ஆழத்தில் இளகிய களி இருந்தால், ஒவ்வொருவரும் தேறிக் கூட்டம் தோற்கலாம்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் உள்ள மில்லேனியம் டவர் இதற்கு அண்மைக்காலச் சான்று. 58 மாடிகள், 2009-இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 950 பைல்கள் இறுகிய மணல் அடுக்கு வரை சென்று நின்றன. அம்மணலுக்குக் கீழே கனத்த களிமண் அடுக்கு. பாறை ஏறக்குறைய 250 அடி ஆழத்தில். 2016-இல் கட்டடம் 16 அங்குலம் இறங்கிச் சாய்ந்தும் இருப்பது ஊரறியத் தெரிந்தது. அருகில் நடந்த கட்டுமானத்துக்காக நிலத்தடி நீரை இறைத்ததுதான் காரணமா என்ற வழக்குகளும் எழுந்தன. பின்னர் 2021-இல் தொடங்கி 2023-இல் முடிந்த பணியில், இரண்டு தெருவோரங்களில் பாறை வரை 18 புதிய பைல்கள் இறக்கப்பட்டன. கட்டடப் பாரத்தின் ஒரு பகுதியைப் பழைய பைல்களிடமிருந்து எடுத்து இவற்றின் தலையில் ஏற்றினார்கள். கட்டி முடித்த கட்டடத்தில் பாரத்தை மறுபங்கீடு செய்வது எவ்வளவு கடினம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அப்பணியின் நடுவிலேயே சாய்வு கூடி, வேலையைச் சிலகாலம் நிறுத்த நேர்ந்தது.

முன்கூட்டியே பங்கீட்டைத் திட்டமிட்டால் எவ்வளவு நன்மை என்பதை ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரின் மெஸ்ஸெடுர்ம் கோபுரம் காட்டுகிறது. உயரம் 256 மீட்டர், களிமண்மீது நிற்கிறது. அதன் அகன்ற கான்கிரீட் தளமும் பாரத்தின் ஒரு பங்கை நேரே மண்ணுக்குக் கொடுக்கிறது. தளத்தின் கீழுள்ள 64 பைல்கள் மறுபங்கைச் சுமக்கின்றன. நடுவில் உள்ளவை ஓரத்தில் உள்ளவற்றைவிட நீளமானவை. இயல்பாகக் குறைவாகச் சுமக்கும் நடுப் பைல்களையும் சரியாக வேலை வாங்கும் ஏற்பாடு அது.

அப்படியானால் அவர் கேட்டது முழுத் தவறா?

இல்லை. நியாயமாகச் சொன்னால் பாதி சரி. ஒரு பைலுக்கு 60 டன் அனுமதித்தார்கள் என்றால், 61-ஆம் டன்னில் அது விழுந்துவிடும் என்று பொருளன்று. அது தோற்கும் அளவு அதைப்போல் இரண்டு இரண்டரை மடங்கு இருக்கும்படிதான் வடிவமைக்கிறார்கள். மேலும் மண் கண்ணாடியைப் போல் உடைவதில்லை, விட்டுக்கொடுக்கிறது. அளவுக்கு மேல் சுமக்கும் பைல் சற்று இறங்கும்போது, மிகுதிப் பாரத்தைக் குறைவாகச் சுமப்பவர்களிடம் தள்ளுகிறது. சப்பரம் தூக்குவோர் தோளில் வைக்கும் சும்மாடு உயர வேற்றுமையைச் சற்றே சமன் செய்வதுபோல, மண்ணின் இந்த இளக்கம் நம் கணக்கின் பிழைகளைச் சமன் செய்கிறது. கட்டடங்கள் பல நிற்பது இந்தப் பெருந்தன்மையால்தான்.

ஆனால் அந்தப் பாதுகாப்பு மிச்சம் யாருக்காக வைக்கப்பட்டது? மண் பரிசோதனையில் தெரியாமல் போனவற்றுக்காக, புயலுக்காக, நிலநடுக்கத்துக்காக. தெரிந்தே விடும் சேற்றுக்காக அன்று. பொறியாளர் சேமித்து வைத்ததை, அவர் அறியாமல் செலவு செய்ய நமக்கு உரிமை இல்லை.

இன்னொரு செய்தி என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. கட்டடம் எழுமுன் பைல்கள்மீது பாரம் ஏற்றிச் சோதிப்பார்கள். எல்லாவற்றையும் சோதிக்க இயலுமா? விதிப்படி வழக்கமான சோதனை குறைந்தது நூற்றுக்கு அரை. அதாவது இருநூறு பைலுக்கு ஒன்று. சிறு சுத்தியலால் தலையில் தட்டி எதிரொலி கேட்கும் சோதனையும் உண்டு. உடலில் உள்ள முறிவை அது பெரும்பாலும் காட்டிவிடும்; அடியில் தங்கிய சேற்றை அவ்வளவு நம்பகமாகக் காட்டாது. எஞ்சிய நூற்றுத் தொண்ணூற்றொன்பது பைல்களுக்கும் அடி சுத்தமா என்று நேராகப் பார்த்தது யார்? குண்டுக் கயிறு பிடித்தவர்.

முடிவாக

அன்று இரவு அப்பா கயிற்றைச் சுருட்டவில்லை. பொறியாளருக்குத் தொலைபேசியில் சொல்லும்படி கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றார். அவர் வந்து தாமே குண்டை இறக்கிப் பார்த்தார். மீண்டும் கழுவச் சொன்னார். கயிறு முழு ஆழத்துக்கு இறங்கியபோது மணி ஒன்றரை. வந்த வண்டியைத் திருப்பி அனுப்பி, வேறு வண்டி வரவழைத்துக் கான்கிரீட் போட்டோம். மறுநாள் காலையில் மேற்பார்வையாளர், “இந்த வாரம் நீ வர வேண்டாம்” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். ஒரு வாரக் கூலி போயிற்று. அந்த மாதம் என் விடுதிக் கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டினோம்.

ஒன்பது பைல்களின் கணக்கை முடித்த பிறகு, ஊருக்குப் போனபோது அப்பாவிடம் படம் வரைந்து காட்டினேன். எழுபத்தைந்து, அறுபது, நாற்பத்தைந்து, முப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், எழுபத்தைந்து எழுதிய இரண்டு வட்டங்கள்மீதும் விரலை வைத்து, “இது ரெண்டும் திங்கக்கிழமை போட்டது. சுத்தமா போட்டோம்” என்றார். சற்றுக் கழித்து, “அதுங்க தலையில ஏத்தியிருப்போம்ல” என்றார்.

நண்பர்களே! நாம் பயிலும் சமநிலை விதிகளும் ஹூக் விதியும் தேர்வுத்தாளுக்காக மட்டும் எழுதப்பட்டவை அல்ல. ஒருவர் விட்ட பாரம் காற்றில் கரைவதில்லை. அது யார் தோளில் ஏறுகிறது என்று அவை காட்டுகின்றன. சராசரியைக் கண்டு மனநிறைவு அடையாமல், மூலையில் நிற்பவன் எவ்வளவு சுமக்கிறான் என்று கேட்கக் கற்றுக்கொள்வோம். அந்த எட்டு மாடிக் கட்டடம் இப்போது எழுந்துவிட்டது. அவ்வழியே போகிறவர்கள் மேலே பார்த்துப் போகிறார்கள். நானும் என் தந்தையும் போகும்போது கீழே பார்க்கிறோம்.